ஆம்பல்நாட்டு இளவரசிக்குப் பரிசுச் சுவடி அனுப்பிய ஓலை

நீர்நிலை நிறைக. நெற்போர் உயர்க. பிள்ளைகள் பொய் சொல்லாதிருக்க. சொல்லியே தீர்வது என்றால் நன்றாகச் சொல்லுக.

ஏழு ஏரியும் எழுபது மதகும் ஆண்டு, பூளைப்பூக் கொடி உயர்த்தி, எக்காற்று அடித்தாலும் முடி சாயாத பூளைநாட்டுக் கோமான் வரைமார்பன் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் ஓலைநாயகன் காரிக்கூத்தன் எழுதியது. ஆற்றின் அக்கரை முழுவதையும் தமதாக்கி, இக்கரையைப் பெருந்தன்மையால் எங்களுக்கு விட்டுவைத்த ஆம்பல்நாட்டு அரசியார் வண்டார்குழலி நாச்சியார் திருமுன் இது காண்க. தங்கள் குடைநிழல் அகலுக. தங்கள் யானைகள் நலமா? எங்கள் யானைகள் நலம்.

இவ்வோலையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுத்தாணியைத் தொட்டும், அரச வாளைத் தொட்டும், பட்டத்து யானையின் தந்தத்தைத் தொட்டும் ஓலைநாயகன் மும்முறை சத்தியம் செய்தான். மூன்றாம் முறை யானை காலை மாற்றி வைத்தது. ஆயினும் சத்தியம் குறைவறச் செய்து முடிக்கப்பட்டது. இதில் ஒரு சொல் பொய்த்தாலும் எழுதிய கை வாழைத்தண்டாய்ப் போகக்கடவது.

ஆவணித் திங்களில் தாங்கள் விடுத்த ஓலை கிடைத்தது. பிள்ளைகளுக்கான சுவடிகளுக்கு நாங்கள் ஆண்டுதோறும் வழங்கும் இளங்கிளைப் பரிசிலை அதில் புகழ்ந்திருந்தீர்கள். தங்கள் மகளார், ஏழு வயது நிரம்பிய இளவரசி குறுந்தொடி, அரண்மனையில் இருந்த கதைகள் அனைத்தையும் கேட்டுத் தீர்த்துவிட்டதாகவும், இப்போது பழைய கதையை எடுத்துக்கொண்டு வருவோரைக் கடித்துவிடுவதாகவும், கடிபட்ட புலவர் நால்வரில் ஒருவர் துறவு பூண்டதாகவும் தெரிவித்து, இவ்வாண்டு பரிசு பெற்ற சுவடியை ஐப்பசிப் பௌர்ணமிக்குள் அனுப்புமாறு கேட்டிருந்தீர்கள்.

சுவடியை அனுப்பியிருக்கிறோம். இவ்வோலையைக் கொண்டுவரும் யானையின் மேலேயே அது வருகிறது. ஆயினும் அதைக் கண்டு தாங்கள் திகைக்காதிருக்கும்பொருட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டியது எங்கள் கடன் ஆகிறது.

பரிசில் முறையை முதலில் சொல்லவேண்டும். எங்கள் மன்னரின் பாட்டனார், ஒரு சுவடி பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு அது தேய்வதே சான்று என்று கண்டவர். பிடித்த சுவடியைப் பிள்ளை விடாது. விடாத கை தேய்க்கும். ஆகவே தேய்ந்த சுவடிக்குப் பரிசு கொடுங்கள் என்று கட்டளையிட்டு இறந்துபோனார். நல்ல கட்டளைதான். பிறகு அது அதிகாரிகள் கைக்கு வந்தது. தேய்மானத்தைக் கண்ணால் அளந்தால் வழக்கு வரும் என்று அவர்கள் தராசைக் கொண்டுவந்தார்கள். அன்றுதொட்டு, போட்டிக்கு வரும் சுவடிகளை நிறுத்து, ஏரிக்கரைப் பிள்ளைக்கொட்டிலில் மூன்று திங்கள் வைத்து, எடுத்து மீண்டும் நிறுப்பார்கள். எது அதிகம் குறைந்திருக்கிறதோ அதற்குப் பரிசு. எடைக்கு இடுவது குன்றிமணி. சுவடியை யாரும் படிக்கவேண்டியதில்லை. இதனால் நடுநிலைமை காக்கப்படுகிறது.

இம்முறையில் சென்ற பதினோராண்டும் பரிசு பெற்றவர் எங்கள் மந்திரி முதுவாய்த் தேவன். அவர் பாடிய சுவடி 'அடங்கியிரு ஆயிரம்'. உண்ணும்போது அடங்கியிருப்பதற்கு நூறு பாட்டு, உறங்கும்போது அடங்கியிருப்பதற்கு நூறு பாட்டு, அடங்கியிருக்கும்போது அடங்கியிருப்பதற்கு இருநூறு பாட்டு எனப் பொருள் வளம் மிக்கது. பிள்ளைகள் முதல் நாளே அதைத் தூக்கிக் கொட்டிலின் மூலையிலுள்ள புற்றின்மேல் வைத்துவிடுவார்கள். மூன்று திங்களில் கரையான் அதில் கால்பங்கைத் தின்றுவிடும். அவ்வளவு எடை வேறெந்தச் சுவடியிலும் குறைந்ததில்லை. கரையான் பிள்ளையாகுமா என்று ஒருமுறை ஐயம் எழுந்தது. அதற்கும் வயது பன்னிரண்டுக்குக் கீழ்தான் என்று அவையோர் தீர்த்துவைத்தார்கள்.

தராசைப் பிடிப்பவர் பரிசில்நாயகம் கீரஞ்சேந்தன். பத்தொன்பது ஆண்டாக அப்பதவியில் இருக்கிறார். அவருக்கு அது வாய்த்ததற்குக் காரணம், பிள்ளைகள்பால் அவருக்கு எந்தச் சாய்வும் இல்லை என்பதே. உள்ளபடி சொன்னால், அவருக்குப் பிள்ளைகளைக் கண்டால் பயம். தெருவில் ஒரு பிள்ளை எதிரே வந்தால் சந்தில் ஒதுங்குவார். சந்தில் இரண்டு நின்றால் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏன் இப்படி என்று அவர் மனைவியார் கேட்டதற்கு, அவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்று விடை சொன்னாராம். மனைவியார் அதற்குச் சொன்னது அரச ஓலையில் பொறிக்கத்தக்கதன்று.

இவ்வாண்டு சித்திரையில் ஓடக்காரி பூதி ஒரு சுவடி கொடுத்தாள். 'முதலைக்குப் பல் விளக்கியவள்' என்று பெயர், நாற்பத்தெட்டு ஏடு. ஆடித் திங்களில் அதை எடுத்துக் கீரஞ்சேந்தன் தராசில் இட்டபோது, அது முப்பத்தொரு குன்றிமணி எடை கூடியிருந்தது.

பரிசில் வரலாற்றில் எந்தச் சுவடியும் எடை கூடியதில்லை. அவர் மும்முறை நிறுத்தார். தராசை மாற்றினார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மறுபடி நிறுத்தார். ஏட்டில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கட்டை அவிழ்த்தார். வெல்லப்பாகு, பலாப்பிசின், மாம்பழச் சாறு, ஒன்பதாம் ஏட்டில் நசுங்கிய வண்டு, இன்னதென்று சொல்ல அவை கூச்சப்படும் மற்றொன்று. இவற்றைச் சுரண்டும்போது, கண் இருந்த குற்றத்தால், அவர் இரண்டு வரி படிக்க நேர்ந்தது. முதலை வாயைத் திறந்ததும் ஓடக்காரச் சிறுமி உள்ளே தலையை விட்டு, "ஏன் அண்ணே, உங்க ஆத்துல வேப்பமரமே இல்லையா?" என்று கேட்கும் இடம் அது. கீரஞ்சேந்தன் வாயிலிருந்து ஓர் ஒலி வந்தது. பக்கத்தில் இருந்த எழுத்தர் அத்தகைய ஒலியை அவரிடம் கேட்டறியாதவராகையால் வைத்தியரை அழைத்துவர ஓடினார். வைத்தியர் வந்து நாடி பார்த்து, இது சிரிப்பு, தானே நின்றுவிடும் என்றார். அது அன்று மாலைவரை நிற்கவில்லை.

மறுநாள் கீரஞ்சேந்தன் பரிசைப் பூதிக்கு என்று எழுதினார். கட்டளையின் உட்பொருள் தராசு அசையவேண்டும் என்பதே, எப்பக்கம் அசையவேண்டும் என்று பாட்டனார் சொல்லவில்லை என்பது அவர் காட்டிய நியாயம்.

மந்திரி முதுவாய்த் தேவன் அவையில் எழுந்தார். எடை குறைந்தால் பிள்ளைகள் சுவடியின்மேல் அன்பு வைத்தார்கள் என்றும், எடை கூடினால் வைத்த அன்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றும், இது கூட்டல் கழித்தல் அறிந்த எவருக்கும் விளங்கும் என்றும் முறையிட்டார். மன்னர் இரு பக்கமும் கேட்டு, இரண்டு சுவடிகளையும் இன்னும் ஒரே ஒரு பகல் கொட்டிலில் வைத்து மாலையில் நிறுக்குமாறு தீர்ப்பளித்தார். அப்போது அவர் சிரித்தார் என்று எழுதலாகாது. மீசையைச் சரிசெய்துகொண்டார் என்று எழுதுகிறோம்.

மாலையில் போய்ப் பார்த்தால், 'அடங்கியிரு ஆயிரம்' வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அன்று கரையானும் வரவில்லை. பூதியின் சுவடி இருந்த இடத்தில் இரண்டு மரச்சட்டமும் ஒரு கயிறும் இருந்தன. பரிசுக்கு வழக்கு வந்திருக்கிறது, பெரியவர்கள் சுவடியைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று செய்தி பரவி, ஆளுக்கு ஓர் ஏடாக நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கீரஞ்சேந்தன் சட்டத்தையும் கயிற்றையும் நிறுத்து, நாற்பத்தெட்டு ஏட்டின் எடையும் முழுதாகக் குறைந்துவிட்டது, முழுத் தேய்மானம் கண்ட ஒரே சுவடி இதுவே என்று எழுதி முத்திரையிட்டார். மந்திரி கூட்டல் கழித்தல் அறிந்தவராகையால் உட்கார்ந்துவிட்டார்.

பூதிக்கு வெள்ளி எழுத்தாணியும் பட்டாடையும் வழங்கினோம். வாழ்த்துப்பா நூறடி. நாற்பதாம் அடியில் அவள், "கரையில பத்துப் பேரு நிக்கிறாங்க சாமி, மிச்சத்தை ஓடத்துல வந்து பாடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். புலவர் போய்ப் பாடினார். திரும்பி வரும்போது துடுப்பும் போட்டார்.

இந்நிலையில்தான் தங்கள் ஓலை வந்தது. மன்னர் கீரஞ்சேந்தனை அழைத்து, பரிசு கொடுத்தவர் நீர், சுவடி தொலைந்த கொட்டிலும் உம் பொறுப்பில் உள்ளது, ஆகவே பௌர்ணமியன்று காலை சுவடி யானை ஏறவேண்டும், ஏறாவிட்டால் நீர் ஏறிப்போய் இளவரசிக்குக் கதை சொல்லவேண்டும் என்று பணித்தார். கீரஞ்சேந்தனுக்குக் கதை ஒன்றும் தெரியாது. இளவரசி கடிப்பாள் என்பது மட்டும் தெரியும். இதற்குப் பதிலாகச் சிறை ஏதும் உண்டா என்று பணிவுடன் கேட்டார். சிறையில் இடமில்லை என்று மன்னர் வருந்தினார்.

முதலில் காவலர் அறுவரை அனுப்பி ஏடுகளைப் பிடுங்கி வரச் சொன்னார். ஐவர் வெறுங்கையோடு வந்தார்கள். அவர்கள் சென்ற வீடுகளில் பிள்ளைகளோடு தாய்மாரும் வாசலில் நின்றிருந்தார்கள். ஆறாமவன் ஏழாம் ஏடு இருந்த வீட்டில் அதைப் படிக்கக் கேட்டுவிட்டு, எட்டாம் ஏடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போனவன் இன்னும் படைவீடு திரும்பவில்லை. அவன் வேல் மட்டும் வந்து சேர்ந்தது.

பிறகு பூதியிடமே போய், மறுபடி ஒருமுறை எழுதித் தரக் கேட்டார். "மறந்துபோச்சே ஐயா. மறக்கலாம்னுதானே எழுதினது" என்றாள் அவள். மனப்பாடமாய் வைத்துக்கொண்டு ஓடம் விட்டால் சுழியில் மாட்டிக்கொள்வேன் என்றும் விளக்கினாள். இதில் தவறு காண எங்கள் அவையால் இயலவில்லை.

ஆகவே கீரஞ்சேந்தன், வாழ்நாளில் முதன்முறையாக, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக் கதவைத் தாமே தட்டினார்.

முதலாம் ஏடு குயவர் தெருவில் உலகி என்னும் எட்டு வயதுப் பெண்ணிடம் இருந்தது. சாட்சியின் சொல்லைத் திருத்தலாகாது என்பது எங்கள் நாட்டுச் சட்டமாகையால் அவள் சொன்னதை அப்படியே பொறிக்கிறோம். "கேக்கலாம் தாத்தா. எழுதக்கூடாது. எழுதினா நீ எடுத்துட்டுப் போயிடுவே." தமக்கு ஐம்பத்து நான்கே ஆகிறது, தாம் தாத்தா அல்லர் என்று கீரஞ்சேந்தன் தெரிவித்தார். அவள் அதைப் பொருட்படுத்தாமல், "சும்மா சொல்லமாட்டேன். உப்புமூட்டை தூக்கி ஏரிக்கரையை மூணு சுத்து சுத்தணும். குனி. இன்னும் குனி. உனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கேட்டாள். இருந்தது. மூன்று சுற்றும் சுற்றினார். ஊரார் ஏரிக்கரையில் நின்று பார்த்தார்கள். முதலாம் ஏட்டை மனப்பாடம் செய்துகொண்டு வீடு திரும்பி, மனைவியார் இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கும்போது அதைச் சொல்லிக் காட்டினார். அப்புறம் என்ன ஆச்சு என்று மனைவியார் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அதனால் மறுநாள் விடியுமுன் இரண்டாம் ஏட்டைத் தேடிப் புறப்பட்டார் என்று நம்பத்தகுந்தோர் கூறுகின்றனர்.

நாற்பத்தெட்டையும் விரித்தால் தங்கள் நேரம் போகும். சிலவற்றை மட்டும் குறிக்கிறோம். பதினேழாம் ஏட்டை, ஊர்க் கணக்கில் ஓராளாகவே எண்ணப்படும் இரட்டையர் இருவர் ஆளுக்குப் பாதியாக முறித்து வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் அவரவர் பாதியை உரக்கப் படிப்போம், பிரித்துக் கேட்டுக்கொள்வது உன் சாமர்த்தியம் என்றார்கள். இருபத்தொன்பதாம் ஏட்டை வைத்திருந்த பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. ஏட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மூன்று நாளும் நாளுக்கு ஒரு விதமாகச் சொன்னான். எது மூலபாடம் என்று தீர்க்க அதிகாரம் இல்லாததால் கீரஞ்சேந்தன் மூன்றையும் மனப்பாடம் செய்தார். ஒரு வீட்டில் குதிரையாக இருந்தார், ஒரு வீட்டில் கல்யாணப் பெண்ணாக இருந்தார். ஒரு வீட்டில் ஒன்றும் செய்யாமல் ஒரு பகல் முழுதும் கிணற்றடியில் பொம்மைக்குக் காவல் இருந்தார். அதுவே மிகக் கடினம் என்பது அவர் கருத்து.

முப்பத்து மூன்றாம் ஏடு எந்த வீட்டிலும் கிட்டவில்லை. கடைசியில் அது மந்திரி முதுவாய்த் தேவனின் பேரனிடம், மந்திரியின் வீட்டிலேயே, 'அடங்கியிரு ஆயிரம்' சுவடியின் நடுவில் இருந்தது. இவ்வளவு பெரிய வீட்டில் ஒளித்துவைக்க வேறு இடமா இல்லை என்று கீரஞ்சேந்தன் கேட்டார். "இதை யாரும் தொறக்கமாட்டாங்க. தாத்தாகூட" என்று அப்பிள்ளை விடை சொன்னான். மந்திரி அப்போது உள்ளே வந்துவிட்டார். பேரனையும் பார்த்தார், ஏட்டையும் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, சரி, படி என்றார். அது முதலைக்குக் கடைவாய்ப் பல் ஆடும் இடம். முடிந்ததும் மந்திரி ஏட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு, முப்பத்து நான்கு யாரிடம் என்று மட்டும் கேட்டார். பேரன் தாத்தாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "முதல்ல நீ அடங்கியிரு, சொல்றேன்" என்றான்.

இவ்வாறு ஐப்பசி வளர்பிறைப் பதின்மூன்றாம் நாள் கீரஞ்சேந்தனுக்கு நாற்பத்தேழு ஏடும் மனப்பாடம் ஆயின. முதலையின் வாய்க்குள் நின்றிருக்கும் சிறுமியின் தலைக்குமேல் முதலைக்குக் கொட்டாவி வருவதோடு நாற்பத்தேழு முடிகிறது. நாற்பத்தெட்டாம் ஏட்டை வைத்திருந்தவள் செக்குமேட்டில் மூன்று வயதுக் குழந்தை. அவள் பெயர் கிள்ளி. அந்த ஏட்டில்தான் வெல்லப்பாகு அதிகம் ஒட்டியிருந்தது. கீரஞ்சேந்தன் அவள் முன் மண்டியிட்டு, இரு கையும் நீட்டி, அம்மா, ஏடு எங்கே என்று கேட்டார். அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். எப்படி இருந்தது என்று கேட்டார். "நல்லாருந்துச்சு" என்றாள். முடிவைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த தகவல் இவ்வளவே.

பௌர்ணமியன்று காலை அரண்மனை வாயிலில் யானை நின்றது. சுவடி வரவில்லை. கீரஞ்சேந்தன் வந்து, தலைகவிழ்ந்து நின்று, ஏடு ஒன்றுகூடக் கைக்கு வராததை ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின்னால் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மன்னர் அவர்களைப் பார்த்து, இவருக்குக் கதை தெரியுமா என்று வினவினார். "பதினேழுல தப்பு விடறாரு. முதலை தும்மும். இவரு இருமுதுங்கறாரு" என்று இரட்டையரில் ஒருவர் முறையிட, மற்றவர், "அது என் பாதி, இருமத்தான் செய்யும்" என்று மறுக்க, வாயிலில் பெருங்குழப்பம் விளைந்தது. உலகி எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னே வந்து, "மத்ததெல்லாம் சரியாச் சொல்றாரு ராசா. ஆனா போனா திருப்பி அனுப்பிடச் சொல்லுங்க. இது எங்க சுவடி" என்றாள்.

மன்னர் மீசையைச் சரிசெய்துகொண்டு தீர்ப்பை அங்கேயே அருளினார். கீரஞ்சேந்தன் யானை ஏறினார். ஏறும்போது இருமுறை கீழே இறங்கிவிட்டது உண்மை. அது யானைப் பயம் என்று அவர் மேலிருந்து விளக்கினார்.

ஆகவே ஆம்பல்நாட்டு அரசியார்க்கு நாம் அறிவிப்பதும் வேண்டுவதும் யாதெனில்: இவ்வோலையுடன் வந்து தங்கள் முற்றத்தில் இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பவரே அந்தச் சுவடி. அவரைச் சுவடி என்றே ஏற்று, சுவடிக்குரிய சிறப்பெல்லாம் செய்க. ஈரத்திலும் கடுவெயிலிலும் வையற்க. வாரம் ஒருமுறை எண்ணெய் இடுக. இடுப்புக்குச் சற்று அதிகம் இடுக. இளவரசியார் ஏடு புரட்ட விரும்பினால் இடத்தோளைத் தட்டுக. முன்னே கேட்டதை மீண்டும் கேட்க விரும்பினால் வலத்தோளைத் தட்டுக. எத்தனை முறை தட்டினாலும் சுவடி சலிப்புக் காட்டலாகாது என்று அதற்கு ஆணையிட்டிருக்கிறோம். கடிப்பது தவிர்க்க இயலாததாயின் மேலட்டையில் கடிக்குமாறு இளவரசியாரை வேண்டுகிறோம். உள்ளே எழுத்து இருக்கிறது.

நாற்பத்தேழாம் ஏட்டின் முடிவில், முதலை கொட்டாவி விடும் இடத்தில், சுவடி நின்றுவிடும். நின்று இளவரசியாரைப் பார்க்கும். அப்போது இளவரசியார் என்ன சொல்கிறாரோ அதுவே நாற்பத்தெட்டாம் ஏடு. அதைச் சுவடி கேட்டு, பிழையின்றி மனத்தில் ஏற்றி, தைப்பூசத்துக்குள் பூளைநாடு திரும்புக. இங்கே நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரு மந்திரியும் ஒரு காவலனும் ஓடத்துறையில் காத்திருக்கிறார்கள். முதலை வாயை மூடிற்றா என்பதை அவர்கள் அறியாமல் நாட்டில் வேறு வேலை நடவாதாகையால், இதைக் காலம் தாழ்த்தாது செய்க; இது கோமான் வரைமார்பன் ஆணை. ஆணை என்ற சொல் அரசியார்க்கு உவப்பில்லையாயின் விண்ணப்பம் என்று கொள்க.

இவ்வோலைக்குப் பூளைப்பூ முத்திரை அரக்கில் இடப்பட்டது. ஐப்பசிப் பௌர்ணமி, முற்பகல். எழுதினேன் ஓலைநாயகன் காரிக்கூத்தன். இவை என் எழுத்து. குடி செழிக்க, குளம் நிறைக, கேட்டோர் வாழ்க.

இவ்வோலையின் படி மூன்று எடுக்கப்பட்டன. ஒன்று ஆம்பல்நாட்டு அரசியார்க்கு. ஒன்று அரண்மனை ஓலைச்சாலைக்கு. ஒன்று அடுத்த ஆண்டு இளங்கிளைப் பரிசிலுக்கு, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான கட்டுக்கதைப் பிரிவில், காரிக்கூத்தன் இயற்றிய சுவடி என்று பதிந்து சேர்க்கப்பட்டது.